விபத்துக் காயத்தின் கடுமையை ரத்தத்தில் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரவு மணி 11.20. நாற்பது நிமிடத்துக்கு முன் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்ட 28 வயது ஆள் கேஷுவால்டிக்கு வருகிறார். பெயர் கேட்டால் சொல்கிறார். இடது விலாவில் வலி, மணிக்கட்டில் வீக்கம். பிரஷர் 118/76, நாடி 104, ஹீமோகுளோபின் 13.8. ஸ்ட்ரெச்சரை ஓரங்கட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போகத்தான் தோன்றும். அப்போது ரத்த வாயு மெஷின் ஒரு சீட்டைத் துப்புகிறது: லாக்டேட் 4.6, பேஸ் டெஃபிசிட் 7. இரண்டுமே இயல்பைவிட அதிகம்.

ஆள் கற்பனை. ஆனால் இப்படி வந்து, ஓரங்கட்டப்பட்டு, ஒரு மணி நேரத்தில் சரிந்துபோகிறவர்கள் கற்பனை இல்லை. அந்தச் சீட்டையும் அதற்குப் பின்னால் வரும் ரிப்போர்ட்டுகளையும் எந்த வரிசையில், எவ்வளவு நம்பிப் படிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. ஹவுஸ் சர்ஜன்கள், கேஷுவால்டி நர்ஸுகள், லேப் டெக்னீஷியன்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உறவினரின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கும் புரியும். ஆனால் அந்த ஆளைத் தொட்டுப் பார்த்த டாக்டருக்குத் தெரிவது இந்தக் கட்டுரைக்குத் தெரியாது.

முதலில்: 'கடுமை' என்று எதைச் சொல்கிறோம்?

காயத்தின் கடுமைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல் ஐ.எஸ்.எஸ். (இன்ஜுரி சிவியாரிட்டி ஸ்கோர்). 1974இல் வந்தது. உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண் போட வேண்டும். மிக மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இருக்கும் பெரிய மதிப்பெண்ணை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். அதிகபட்சம் 75. எங்காவது 6 விழுந்தால் கூட்டலே வேண்டாம், நேராக 75. வழக்கமாக 15க்கு மேல் போனால் பெருங்காயம் என்பார்கள்.

நம் ஆளுக்குப் போட்டுப் பார்ப்போம். மண்ணீரல் ஆழமாகக் கிழிந்திருக்கிறது: 4. விலா எலும்புகள் நான்கு உடைந்திருக்கின்றன: 3. மணிக்கட்டு முறிவு: 2. 16 + 9 + 4 = 29. பெருங்காயம்தான், சந்தேகமில்லை.

ஆனால் இந்த 29 எப்போது தெரியவரும்? சி.டி. எடுத்த பிறகு. சில சமயம் வயிற்றைத் திறந்த பிறகு. 11.20க்கு நம் கையில் அது கிடையாது. இன்னொரு குறை, ஒரே பகுதியில் இரண்டு பெரிய காயங்கள் இருந்தால் ஐ.எஸ்.எஸ். ஒன்றைத்தான் எண்ணும். அதைச் சரிசெய்ய 1997இல் என்.ஐ.எஸ்.எஸ். வந்தது, எந்தப் பகுதி என்று பார்க்காமல் மோசமான மூன்று காயங்களை எடுத்துக்கொள்ளும். இரண்டுமே எது உடைந்தது என்றுதான் சொல்லும். அந்த உடைப்புக்கு உடல் இப்போது என்ன விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லாது. ரத்தம் சொல்வது அந்த விலையை. அதனால்தான் இரண்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லை, ஒத்துப்போகவும் வேண்டியதில்லை.

படி 1: எண்ணைப் பார்க்கும் முன் மணியைப் பாருங்கள்

பலர் தாண்டிப்போகும் படி இது. என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியிலும் இதுதான் கனமானது. கேஸ் ஷீட்டில் இரண்டு நேரங்கள் வேண்டும்: அடிபட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம். லேப்புக்குச் சாம்பிள் போய்ச் சேர்ந்த நேரம் வேறு.

ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. லாக்டேட் நிமிடக் கணக்கில் ஏறும். மூளைக் காயத்தில் இரண்டு புரதங்கள் ரத்தத்தில் கசியும்: ஜி.எஃப்.ஏ.பி. ஒரு மணி நேரத்துக்குள் தென்பட்டு 20 மணி நேரம் அளவில் உச்சம் தொடும், யூ.சி.ஹெச்.எல்.1 எட்டு மணி நேரத்திலேயே உச்சத்துக்குப் போய்விடும். நசுங்கிய தசையிலிருந்து வரும் சி.கே. என்ற நொதி ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஏறிக்கொண்டே போகலாம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் அசையவே தொடங்கும், உச்சம் இரண்டு மூன்று நாளில். ஆக, அடிபட்ட ஒரு மணி நேரத்தில் எடுத்த சி.ஆர்.பி. நார்மல் என்பது ஒரு செய்தியே இல்லை.

சாம்பிள் எடுத்த விதமும் எண்ணை மாற்றும். சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தம் மேஜையில் அரை மணி நேரம் கிடந்தால், அதிலிருக்கும் சிவப்பணுக்களே குளுக்கோஸை உடைத்து லாக்டேட்டை ஏற்றிவிடும். உடனே ஓட்ட முடியாவிட்டால் ஃபுளோரைடு குழாய், ஐஸ். மெல்லிய ஊசியில் இழுத்து, சிவப்பணுக்கள் சிதைந்த சாம்பிளில் பொட்டாசியம் பொய்யாக ஏறும். அலகையும் கவனியுங்கள்: லாக்டேட் சில லேப்பில் மில்லிமோலில் வரும், சிலதில் மில்லிகிராமில். 1 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம். 18 என்று பார்த்துவிட்டுப் பதறியடித்து ஓடி, அது வெறும் 2தான் என்று தெரிந்து அசடு வழிந்தவர்கள் உண்டு.

படி 2: முதல் பத்து நிமிடம், லாக்டேட்டும் பேஸ் டெஃபிசிட்டும்

திசுக்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றால் செல்கள் அரைகுறையாக குளுக்கோஸை எரித்து லாக்டேட்டைக் கொட்டும். அது ஒரு பாதி. காயம்பட்ட உடலில் பொங்கும் அட்ரினலின், ஆக்சிஜன் இருந்தாலும்கூடத் தசைகளை வேகமாக குளுக்கோஸை உடைக்க வைக்கும், அது மறுபாதி. எப்படி வந்தாலும் உடல் நெருக்கடியில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழே நார்மல். 2 முதல் 4 வரை, தேடு. 4க்கு மேல், வேறு காரணம் நிரூபணமாகும் வரை ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள். சிரையிலிருந்து எடுத்த ரத்தமே இதற்குப் போதும். தமனியைத் தேடிக் குத்திக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பேஸ் டெஃபிசிட் என்பது ரத்தத்தின் அமிலத்தைச் சமன்படுத்த எவ்வளவு காரம் குறைகிறது என்ற கணக்கு. மெஷின் அதை பேஸ் எக்ஸஸ் மைனஸ் 7 என்று அச்சடிக்கும். பேச்சில் டெஃபிசிட் 7 என்போம். இரண்டும் ஒன்றே. விபத்துச் சிகிச்சைப் பாடநூலான ஏ.டி.எல்.எஸ்.ஸின் 2018இல் வந்த பத்தாம் பதிப்பு ரத்தப்போக்கின் நான்கு வகுப்புகளுக்கும் இந்த எண்ணைச் சேர்த்தது: 2 வரை முதல் வகுப்பு, 2 முதல் 6 இரண்டாவது, 6 முதல் 10 மூன்றாவது, 10க்கு மேல் நான்காவது. நம் ஆளின் 7 மூன்றாவது வகுப்பு. அவர் பிரஷரோ முதல் வகுப்பு மாதிரி நடிக்கிறது. இளம் ரத்தக்குழாய்கள் இறுகிப் பிடித்துக்கொண்டு பிரஷரைக் கடைசி வரை காப்பாற்றும், பிறகு ஒரேயடியாகக் கைவிடும்.

ஹீமோகுளோபின் 13.8 இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு குடத்தில் சர்பத் இருக்கிறது, பாதியைக் கொட்டிவிட்டீர்கள். மீதியின் இனிப்பு குறையுமா? குறையாது. தண்ணீர் ஊற்றினால்தான் குறையும். ரத்தம் போகும்போது சிவப்பணுவும் பிளாஸ்மாவும் சேர்ந்தே போகின்றன, அதனால் செறிவு அப்படியே நிற்கும். திசுக்களிலிருந்து நீர் ஊறி வந்த பிறகோ, நாம் ட்ரிப்ஸ் ஏற்றிய பிறகோதான் எண் இறங்கும். முதல் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் நம்புங்கள். நார்மலாக இருந்தால் அதன் மேல் எதையும் கட்டாதீர்கள்.

இந்த இரண்டு எண்களும் பொய் சொல்லும் இடங்கள் உண்டு. மது அருந்தியவருக்கு இரண்டுமே ஏறும். வலிப்பு வந்திருந்தாலும், போலீஸுக்குப் பயந்து அரை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் லாக்டேட் ஏறும், ஆனால் ஒரு மணி நேரத்தில் தானே இறங்கிவிடும். கல்லீரல் கெட்டவருக்கு இறங்காது. சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் சாப்பிடும் சிறுநீரக நோயாளி இன்னொரு விதிவிலக்கு. லிட்டர் லிட்டராக நார்மல் சலைன் ஏற்றினால் குளோரைடு கூடி பேஸ் டெஃபிசிட் மோசமாகும், லாக்டேட் ஏறாது. இரண்டும் இப்படிப் பிரிந்தால் சலைன் பாட்டிலைப் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: வாயில் சாராய வாடை அடிக்கிறது என்பதற்காக லாக்டேட் 5ஐக் குடியின் கணக்கில் எழுதிவிடுவது மோசமான சூதாட்டம். குடித்தவருக்கும் மண்ணீரல் கிழியும்.

படி 3: இரண்டாவது சீட்டு

லாக்டேட்டின் உண்மையான மதிப்பு அது எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான். 1993இல் வெளியான, 76 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. 24 மணி நேரத்துக்குள் லாக்டேட் நார்மலுக்கு வந்த 27 பேரும் பிழைத்தார்கள். 48 மணி நேரம் கழிந்தும் இறங்காத 22 பேரில் பிழைத்தவர்கள் 3 பேர்.

நடைமுறையில், முதல் எண் 2க்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தது. பிறகு நார்மல் ஆகும் வரை இரண்டு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ரத்தமும் திரவமும் ஏற்றிய பிறகும் ஏறினால், ரத்தம் கசியும் ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்று பொருள். இறங்கி வந்தது திடீரென்று மறுபடி ஏறினால், கட்டிய இடம் அவிழ்ந்ததா, குடலுக்கு ரத்தம் போகவில்லையா, இறுகக் கட்டிய காலில் தசை சாகிறதா என்று தேட வேண்டும். ஒன்றை முன்கூட்டியே எதிர்பாருங்கள்: ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டிய டூர்னிகெட்டை அவிழ்த்தவுடன் தேங்கிக் கிடந்த லாக்டேட்டும் பொட்டாசியமும் ஒரே மூச்சில் ரத்தத்தில் கலக்கும்.

படி 4: ரத்தம் உறைகிறதா?

2003இல் லண்டனில் இருந்து வந்த ஓர் ஆய்வு ட்ராமா சிகிச்சையையே திருப்பிப் போட்டது. 1,088 நோயாளிகளில் 24.4 சதவீதம் பேருக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே உறைவுக் கோளாறு இருந்தது. அவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தார்கள்; கோளாறு இல்லாதவர்களில் இறந்தது 10.9 சதவீதம். அதுவரை, நாம் ட்ரிப்ஸ் ஏற்றி ரத்தத்தை நீர்க்க வைப்பதால்தான் இது வருகிறது என்று நினைத்திருந்தார்கள். காயமே அதைக் கொண்டுவருகிறது.

பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் ரத்தக்கட்டிக்கு இழையாகும் ஃபைப்ரினோஜெனுக்கு. உறைவுப் பொருட்களில் முதலில் தீர்ந்துபோவது அதுதான். லிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே போனால் நிரப்ப வேண்டும். கர்ப்பிணிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. கடைசி மாதங்களில் 4 முதல் 6 வரை இருப்பதே அவர்களுக்கு இயல்பு, அதனால் 2 என்று வந்தாலே அபாய மணி. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.2க்கு மேல் போனால் கோளாறு தொடங்கிவிட்டது. ஆனால் லேப்பிலிருந்து அது வருவதற்குள் பாதி யுத்தம் முடிந்திருக்கும். டெக், ரோட்டெம் போன்ற உறைவு வரைபட மெஷின் இருக்கும் இடத்தில் ஐந்து, பத்து நிமிடத்திலேயே கட்டியின் பலம் தெரிந்துவிடும். அயனிக் கால்சியத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்றும் ரத்தப் பைகளில் இருக்கும் சிட்ரேட் அதைக் கவ்விக்கொள்ளும், 1.1க்குக் கீழே போனால் உறைவும் கெடும், இதயமும் சோரும்.

ரத்தக்கட்டி கரையும்போது வரும் துண்டைப் பார்க்கும் டி டைமரை இங்கே அனுப்பாதீர்கள். எலும்பு முறிந்த எல்லோருக்கும் அது ஏறும்.

ரத்தப்போக்கு இருக்கிறது என்று தோன்றினால் ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் மருந்தான ட்ரானெக்ஸாமிக் அமிலத்துக்கு இந்த எண்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். 20,211 நோயாளிகளைச் சேர்த்த, 2010இல் முடிவு வெளியான க்ராஷ் 2 ஆய்வு எந்த பயோமார்க்கரையும் (உடலின் நிலையைக் காட்டும் ரத்தப் பொருள்) பார்த்து மருந்து கொடுக்கவில்லை. அதன் பலன் முதல் மூன்று மணி நேரத்துக்குள்தான். அதைத் தாண்டிக் கொடுத்தால் கெடுதல் என்பதும் அதே தரவிலிருந்து தெரிந்ததுதான்.

படி 5: தலையில் அடி

பயோமார்க்கர் என்ற சொல்லுக்கு இப்போது அதிக மவுசு இருக்கும் இடம் இது. அதனாலேயே தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இங்கேதான் அதிகம்.

ஜி.எஃப்.ஏ.பி. மூளையின் துணைச் செல்களிலிருந்து வருகிறது, யூ.சி.ஹெச்.எல்.1 நரம்புச் செல்களிலிருந்து. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. அடிப்படையான ஆய்வில் 1,959 பேர். அவர்களில் சி.டி.யில் காயம் தெரிந்தவர்கள் 125 பேர்தான். ரத்தப் பரிசோதனையோ 1,288 பேருக்கு பாசிட்டிவ். 671 பேருக்கு நெகட்டிவ், அதில் சி.டி.யில் காயம் இருந்தும் தவறவிடப்பட்டவர்கள் 3 பேர்.

இந்தக் கணக்கை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். நெகட்டிவ் என்றால் ஏறக்குறைய நிச்சயம்: சி.டி. எடுத்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. பாசிட்டிவ் என்றால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சி.டி. நார்மல்தான். ஆக இந்தப் பரிசோதனையின் வேலை சி.டி.யைத் தவிர்ப்பது. காயம் எவ்வளவு பெரிது என்று சொல்வது அதன் வேலை இல்லை. மயங்கிக் கிடப்பவருக்கு, நினைவின் அளவுகோலான ஜி.சி.எஸ். (முழு நினைவுக்கு 15) 8 இருப்பவருக்கு இதை அனுப்புவதில் அர்த்தமே கிடையாது. அவர் நேராக ஸ்கேனுக்குப் போக வேண்டியவர். 2024 ஏப்ரலில் முழு ரத்தத்தில், படுக்கை அருகிலேயே, 15 நிமிடத்தில் முடிவு சொல்லும் கருவிக்கும் அனுமதி கிடைத்தது.

இவற்றுக்கு மூத்தது எஸ்100பி என்ற புரதம். 2013 ஸ்காண்டிநேவிய வழிகாட்டுதலில் அதற்கு இடம் உண்டு: லேசான தலைக்காயம், ஆபத்துக் காரணிகள் இல்லை, ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தம், லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் கீழ். இத்தனையும் பொருந்தினால் சி.டி. இல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம். பிரச்சினை, எஸ்100பி கொழுப்பிலும் குருத்தெலும்பிலும்கூட இருக்கிறது. தொடை எலும்பு முறிந்தவருக்குத் தலையில் ஒரு கீறல் இல்லாமலே ஏறும். பல இடங்களில் அடிபட்டவருக்கு அதைப் பார்ப்பது வீண்.

படி 6: உறுப்பு வாரியாக, சுருக்கமாக

நெஞ்சில் மொத்தையான அடி: ஈ.சி.ஜி.யும், இதயத் தசை சிதைந்தால் ஏறும் ட்ரோபோனினும் சேர்த்து. இரண்டும் நார்மல் என்றால் இதயத்தில் முக்கியமான காயம் இல்லை எனலாம். ஒன்று மட்டும் நார்மல் போதாது.

நசுங்கிய தசை: சி.கே. 5,000க்குக் கீழேயே நின்றால் சிறுநீரகத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. முதல் நாள் 3,000 என்பது மறுநாள் 20,000 ஆகலாம், மறக்க வேண்டாம். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பரிசோதனைப் பட்டையில் ரத்தம் பாசிட்டிவ், மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு இல்லை என்றால் அது தசையிலிருந்து வந்த மயோகுளோபின். பொட்டாசியம்தான் முதலில் கொல்லும், அதைத்தான் முதலில் பாருங்கள்.

வயிறு: கணையக் காயத்தில் முதல் மூன்று மணி நேரத்தில் எடுத்த அமைலேஸ் நார்மலாக இருந்து ஏமாற்றும், திரும்ப எடுக்க வேண்டும். பேசத் தெரியாத குழந்தையை யாரோ அடித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால், வயிற்றில் ஒரு தழும்பும் தெரியாவிட்டாலும் கல்லீரல் நொதிகளைப் பாருங்கள். ஏ.எஸ்.டி. அல்லது ஏ.எல்.டி. 80ஐத் தாண்டினால் வயிற்று சி.டி. யோசிக்க வேண்டும்.

முதியவர்: இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து சாப்பிடுபவருக்கு நாடி ஏறாது. எப்போதும் 170 பிரஷரில் இருப்பவருக்கு 120 என்பது ஷாக். இவர்களிடம் லாக்டேட்டின் பேச்சு நாடியின் பேச்சைவிட நம்பகமானது.

படி 7: காயமும் எண்ணும் முரண்படும்போது

காயம் சிறியது, எண் மோசம்: காயத்தை இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை என்று முதலில் நினையுங்கள். இடுப்பு, வயிற்றின் பின்பக்கம், தொடை. எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்றால்தான் மது, வலிப்பு, மருந்து.

காயம் பெரியது, எண் நன்றாக இருக்கிறது: ஒன்று, சீக்கிரமே எடுத்துவிட்டீர்கள். இல்லையென்றால் உடல் உண்மையிலேயே தாங்குகிறது. எலும்பு டாக்டர்களுக்கு இந்த இரண்டாவது நிலைதான் முக்கியம். லாக்டேட் இறங்கியவருக்குத் தொடை எலும்பை முழுமையாகச் சரிசெய்யும் பெரிய ஆபரேஷனை முதல் 24 மணி நேரத்திலேயே செய்யலாம். இறங்காதவருக்கு வெளியே கம்பி மாட்டி நிறுத்திவிட்டு ஐ.சி.யூ.வுக்கு அனுப்புவார்கள். ஐ.எஸ்.எஸ். இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

ரத்தக்குழாயின் உட்பூச்சு உரிந்து வரும் சின்டிகன் 1, சிதைந்த செல்களிலிருந்து சிந்தும் தனி டி.என்.ஏ. போன்றவை ஆய்வுகளில் கடுமையோடு நன்றாக ஒத்துப்போகின்றன. கேஷுவால்டியில் சிகிச்சையை மாற்றும் இடத்துக்கு அவை இன்னும் வரவில்லை.

படி 8: அடுத்த நாட்கள்

இப்போது கேள்வி மாறுகிறது: இது காயத்தின் காய்ச்சலா, கிருமியின் காய்ச்சலா? அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.6 சில மணி நேரத்திலேயே ஏறி, ஐ.எஸ்.எஸ்.ஸோடு ஓரளவு சேர்ந்து நடக்கும். கிருமித் தொற்றைக் காட்டுவதற்காகப் பார்க்கும் ப்ரோகால்சிடோனின், கிருமி இல்லாமல் காயத்தாலேயே கூட ஏறும். ஒரு நாளில் உச்சம், பிறகு நாளுக்கு ஏறக்குறையப் பாதியாக இறங்கும். சி.ஆர்.பி. மூன்றாம் நாள் 150 என்பது ஆபரேஷன் ஆனவருக்கு ஒன்றுமில்லாத எண். இறங்கிக்கொண்டிருந்தது ஐந்தாம் நாள் மறுபடி ஏறினால்தான் விஷயம்.

நம் ஆளுக்கு என்ன ஆயிற்று? 11.25க்கு வயிற்று ஸ்கேனில் மண்ணீரலைச் சுற்றி ரத்தம். 12.10க்கு லாக்டேட் 5.3, ஹீமோகுளோபின் 11.9, பிரஷர் 92. தியேட்டர். மண்ணீரலை எடுத்தார்கள். 2.30க்கு லாக்டேட் 3.4. காலை 6.30க்கு 1.8.

ஐந்தாம் நாள் வார்டில் வெள்ளணு 16,000, தட்டணு 4.8 லட்சம். ட்யூட்டி மாறி வந்த டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதப் பேனாவைத் திறக்கிறார். மண்ணீரல் போனவருக்கு இரண்டும் ஏறுவது இயல்பு. தட்டணுவை வெள்ளணுவால் வகுத்தால் 30 வருகிறது. ஐந்தாம் நாளில் அது 20க்குக் கீழே விழுந்திருந்தால் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சல் இல்லை, ப்ரோகால்சிடோனின் இறங்குகிறது, காலை இட்லி முழுவதும் உள்ளே போயிருக்கிறது. பேனாவை மூடிவிட்டு, மண்ணீரல் இல்லாதவருக்குப் போட வேண்டிய தடுப்பூசிகளின் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுகிறார்.